சைக்கிள் சாகசங்களுக்கு உடல் பலம் எவ்வளவு தேவை?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் (சின்னச் சக்கரச் சைக்கிளில் சாகசம் செய்யும்) போட்டியில் தங்கம் வென்ற சீனாவின் டெங் யாவென்னுக்கு அப்போது 18 வயது. அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் வெள்ளி வாங்கிய வெனிசுவேலாவின் டேனியல் டேர்ஸுக்கு 36 வயது. வயதில் இவ்வளவு தள்ளி இருக்கும் இரண்டு பேர் ஒரே விளையாட்டின் உச்சியில் நிற்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: இந்த வித்தைகளுக்கெல்லாம் உடம்பில் பலம் வேண்டுமா, வேண்டாமா?

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. முழங்கால் உயரச் சுவர் மேல் ஒருவர் சைக்கிளோடு தாவி ஏறுவதைச் செல்போனில் பார்த்துவிட்டு, நாமும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறோம். முன்சக்கரம் நாலு விரற்கடை எழும்பித் தொப்பென்று விழுகிறது. பின்சக்கரம் அசையவே இல்லை. பத்து தடவை இழுத்ததில் தோள் வலி கண்டுவிடுகிறது. 'நமக்குக் கையில் தெம்பு பத்தவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. அதே சமயம், "பலமெல்லாம் வேண்டாம், எல்லாமே டெக்னிக்தான்" என்று சிலர் சொல்வதும் பாதிதான் உண்மை. ஒரு வித்தையின் எந்தக் கட்டத்தில் பலம் வேலை செய்கிறது, எந்தக் கட்டத்தில் அதற்கு வேலையே இல்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். இங்கே பேசப்போவது மிதிக்கும் சைக்கிளைப் பற்றி மட்டும். மோட்டார் பைக்கில் எஞ்சின் இருப்பதால் கணக்கு வேறு.

## பலம் என்பதில் எத்தனை வகை

பலம் என்றதும் தடித்த புஜம்தான் கண் முன்னால் வருகிறது. ஆனால் தசை பல வேலைகள் செய்கிறது. சைக்கிள் வித்தையில் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பு.

1. உச்ச பலம்: ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு கனத்தை நகர்த்த முடியும் என்பது. மெதுவாகத் தூக்கினாலும் கணக்கில் சேரும்.

2. வெடிப்புத் திறன்: அந்தப் பலத்தை எவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவர முடியும் என்பது. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறோம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

3. தாங்கும் பலம்: தசை நீண்டுகொடுத்தபடியே எதிர்ப்பது. மாடிப்படி இறங்கும்போது தொடை செய்வது இந்த வேலைதான். ஏறுவதைவிட இறங்குவதுதான் மறுநாள் அதிகமாக வலிக்கும் என்பது மலை ஏறி இறங்கிய எல்லோருக்கும் தெரியும்.

4. பிடிமானம்: விரல்களும் முன்கையும் ஹேண்டிலை விடாமல் வைத்திருப்பது, கூடவே பிரேக்கை அளவாக அழுத்துவது.

5. தாக்குப்பிடித்தல்: முதல் தடவை செய்ததை முப்பதாவது தடவையும் அதே தரத்தில் செய்வது.

இவை எல்லாவற்றையும் சொந்த எடையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 100 கிலோ எடையுள்ளவர் 60 கிலோக்காரரைவிட அதிகக் கனம் தூக்கக்கூடும். ஆனால் தன் உடம்பைத் தரையிலிருந்து எழுப்பும் போட்டியில் அவர் பின்தங்கிவிடலாம். சைக்கிள் வித்தையில் நாம் தூக்குவது பெரும்பாலும் நம்மைத்தான், சைக்கிளை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

## பன்னி ஹாப்: ஒரு தாவலைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

சாய்தளம் எதுவும் இல்லாமல், சமதரையில் ஓடும் சைக்கிளை இரண்டு சக்கரமும் எழும்பும்படி தாவவைப்பது பன்னி ஹாப். தெருவில் செய்யும் பெரும்பாலான வித்தைகளுக்கு இதுதான் அரிச்சுவடி. கண்ணுக்கு ஒரே அசைவாகத் தெரிந்தாலும் உள்ளே ஐந்து கட்டங்கள் இருக்கின்றன.

1. ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க நிற்கிறார். முட்டியும் முழங்கையும் மடங்கி, நெஞ்சு ஹேண்டில் பக்கமாகத் தாழ்கிறது.

2. கைகளை நீட்டியபடி இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோகிறார். முன்சக்கரம் எழுகிறது.

3. கால்கள் பெடலை ஓங்கி அழுத்த, இடுப்பு ஹேண்டிலை நோக்கி மேலே பாய்கிறது. உண்மையான குதிப்பு இதுதான்.

4. உடம்பு முழுதாக நிமிர்ந்த கணத்தில் ஹேண்டிலை முன்னால் தள்ளி, முட்டியை மடக்கி, பாதங்களால் பெடலைப் பின்னோக்கி வாருகிறார். பின்சக்கரம் உடம்புக்கு அடியில் எழும்புகிறது.

5. சைக்கிள் காற்றில் சமமாகி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒன்றாக இறங்குகின்றன.

புதிதாகப் பழகுபவர் தடுமாறுவது இரண்டாவது கட்டத்தில். முன்சக்கரத்தைக் கைதான் தூக்குகிறது என்று நினைத்து முழங்கையை மடக்கி இழுக்கிறார். தேர்ந்தவரின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அந்த நேரத்தில் அவருடைய கைகள் கயிறு மாதிரி நீண்டிருப்பது தெரியும். கை இழுக்கவில்லை. உடம்பு பின்னால் போகிறது, அந்த எடை சைக்கிளைப் பின் அச்சைச் சுற்றிச் சாய்க்கிறது. ஒரு கணக்குப் போடலாம். ஆள் 65 கிலோ, சைக்கிள் 11 கிலோ. உடம்பு 30 செ.மீ. பின்னால் நகர்ந்தால், ஆளும் சைக்கிளும் சேர்ந்த மொத்த நிறை மையம் (எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) சுமார் 26 செ.மீ. பின்னால் போகிறது. சின்னப் பிஎம்எக்ஸ் சைக்கிளில் முன்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் பெரும்பகுதி குறைய இது போதும். புஜம் எவ்வளவு பருத்திருந்தாலும் இந்த 26 செ.மீ. செய்யும் வேலைக்கு ஈடாகாது.

பலம் செலவாவது மூன்றாவது கட்டத்தில். அதுவும் தொடையிலும் புட்டத்திலும் கீழ் முதுகிலும். அங்கே வேண்டியது வெடிப்புத் திறன். கால்கள் பெடலை எவ்வளவு வேகமாக அழுத்துகின்றனவோ, தரை அவ்வளவு விசையோடு நம்மை மேலே தள்ளும்.

நான்காவது கட்டத்தில்தான் அதிகம் பேர் கவனிக்காத அழகு இருக்கிறது. டயர் தரையை விட்ட பிறகு, மொத்த நிறை மையம் எவ்வளவு உயரம் போகும் என்பது தீர்மானமாகிவிட்டது. காற்றில் என்னதான் இழுத்தாலும் அது கூடாது, ஊன்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஆனால் உடம்பும் சைக்கிளும் தங்களுக்குள் நெருங்கலாம். அதே 65 கிலோ ஆள், 11 கிலோ சைக்கிளைத் தன் பக்கம் 40 செ.மீ. வாரிக்கொள்கிறார் என்று வையுங்கள். கனம் குறைந்த சைக்கிள் 34 செ.மீ. மேலே வருகிறது. கனமான உடம்பு 6 செ.மீ. மட்டும் கீழே போகிறது. குதித்ததில் நிறை மையம் 20 செ.மீ. உயர்ந்திருந்தால், அதோடு இந்த 34 சேர்ந்து டயர் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அதாவது உயரத்தில் பெரும்பங்கு குதித்ததால் வந்ததல்ல, முட்டியை மடக்கியதால் வந்தது. முட்டியை மடக்க இடுப்பு வளைய வேண்டும், நேரம் தெரிய வேண்டும். பலம் பெரிதாக வேண்டாம்.

நேரம் என்றது வெறும் பேச்சுக்கு அல்ல. நிறை மையம் 20 செ.மீ. எழும்பி இறங்க ஆகும் மொத்த நேரம் சுமார் 0.4 நொடி. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பை அசைக்கவே மனிதனுக்குக் கிட்டத்தட்ட 0.2 நொடி பிடிக்கும். யோசித்துச் செய்ய அவகாசமே கிடையாது. ஐந்து கட்டமும் ஒரே சரமாக உடம்பில் ஊறியிருக்க வேண்டும். வரிசை தப்பினால், இருக்கிற பலமெல்லாம் தப்பான திசையில் செலவாகும்.

## வீலி: கை வலித்தால் இடம் தப்பு

முன்சக்கரத்தைத் தூக்கியபடி பின்சக்கரத்தில் ஓட்டுவது வீலி. பெடல் மிதிக்காமல் அதையே செய்தால் மேனுவல். இரண்டிலும் ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. மொத்த நிறை மையம் பின் அச்சுக்கு நேர் மேலே வரும் இடம் அது. அந்தப் புள்ளியில் முன்சக்கரத்தை மேலே வைத்திருக்க ஏறக்குறைய எந்த விசையும் தேவையில்லை. துடைப்பக்குச்சியை உள்ளங்கையில் நிமிர்த்தி வைக்கும்போது கை கனப்பதில்லையே, அது மாதிரி.

அந்தப் புள்ளிக்குக் கீழேயே நிற்பவருக்குத்தான் கை வலிக்கிறது. முன்சக்கரம் விழப் பார்க்க, அவர் ஓயாமல் இழுக்கிறார், ஓயாமல் மிதிக்கிறார். ஏன் மேலே போகவில்லை? பின்னால் மல்லாந்து விழுந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்து பின்பிரேக். ஒரு விரலை எப்போதும் அதன் மேல் வைத்திருந்து, மல்லாக்கப் போவது போலத் தெரிந்தால் லேசாக அழுத்தினால் போதும், முன்சக்கரம் தானாகக் கீழே வரும். பிரேக்கை நம்பப் பழகியவர் சமநிலைப் புள்ளிக்குத் துணிந்து போவார், கைவலியும் போய்விடும். கை பலம் போதவில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் தண்டால் எடுத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

## வளைதளம்: உயரத்தைத் தருவது வேகம்

ஒலிம்பிக்கில் பார்க்கும் பார்க் பிரிவில், வளைந்த சாய்தளங்களில் ஏறி வீரர்கள் பறக்கிறார்கள். இந்த உயரம் எங்கிருந்து வருகிறது? வேகத்திலிருந்து. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வளைதளத்தின் அடிக்கு வருபவர், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், சுமார் 2.5 மீட்டர் உயரம் எழும்ப முடியும். இந்தக் கணக்கில் எடை வருவதே இல்லை. 40 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே வேகத்தில் வந்தால் ஒரே உயரம்தான்.

ஆனால் வேகம் சும்மா கிடைக்காது. போட்டியில் ஒரு சுற்றுக்கு 60 நொடி. அதில் ஒன்றன்பின் ஒன்றாக வித்தைகள் வருவதால் மிதித்து வேகம் பிடிக்க இடம் குறைவு. அதற்குப் பதில் அவர்கள் செய்வதுதான் பம்பிங். வளைதளத்தின் அடிப்பகுதியில் நுழையும்போது குனிந்திருந்து, வளைவு உடம்பை அழுத்தும் கணத்தில் கால்களை நீட்டி நிமிர்கிறார்கள். ஊஞ்சலில் நின்று ஆடும் குழந்தை தாழ வரும்போது முட்டியை நிமிர்த்தி நிமிர்த்தி உயரம் ஏற்றுவதும் இதே வேலைதான். வளைவில் உடம்பு வழக்கத்தைவிடக் கனமாகும். அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டு நிமிர்வதால் கால்கள் போட்ட உழைப்பு வேகமாக மாறுகிறது. பலமான கால் இங்கே நேரடியாக உயரமாகத் தெரியும். நேரம் தவறிப் பம்ப் செய்தால் வேகம் குறையவும் செய்யும்.

## காற்றில் சுழலும்போது

பேக்ஃப்ளிப் (சைக்கிளோடு பின்பக்கக் குட்டிக்கரணம்), 360 (பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று) போன்ற சுழற்சிகளைப் பார்ப்பவர், காற்றில் உடம்பை முறுக்கிச் சுற்றுகிறார்கள் என்று நினைப்பார். உண்மையில் சுழற்சியின் முழு அளவும் சாய்தளத்தின் விளிம்பை விடும்போதே முடிவாகிவிடுகிறது. இதைக் கோண உந்தம் என்பார்கள். காற்றில் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உடம்பைச் சுருக்கினால் அதே உந்தத்தில் வேகமாகச் சுற்றும், விரித்தால் மெதுவாகச் சுற்றும். சுழல் நாற்காலியில் கைகளை விரித்துச் சுற்றி, பிறகு மார்போடு அணைத்துப் பார்த்தால் இது உடனே புரியும்.

பேக்ஃப்ளிப்பில் பாதி வேலையை வளைந்த தளமே செய்துவிடுகிறது. வளைவில் ஏறும்போதே சைக்கிள் பின்னோக்கிச் சுழலத் தொடங்கியிருக்கும். விளிம்பில் தலையைப் பின்னால் சாய்த்து, ஹேண்டிலை இடுப்புப் பக்கம் கொண்டுவந்தால் மிச்சமும் கிடைக்கும். பலசாலி இங்கே செய்யும் தவறு, அளவுக்கு மேல் இழுத்துவிடுவது. அப்போது ஒரு சுற்றுக்குப் பதில் ஒன்றேகால் சுற்று வந்து முதுகில் விழ நேரும்.

டோக்கியோவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன் இறுதிப் போட்டியின் முதல் சுற்றில் 360 பேக்ஃப்ளிப் முயன்று விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது சுற்றில் அதே வித்தையைச் செய்து இறங்கினார். பெண்கள் போட்டியில் அந்த வித்தை வெற்றிகரமாக இறங்கியது அதுவே முதல் முறை. 97.50 புள்ளி, தங்கம். இரண்டு சுற்றுக்கும் நடுவே அவருடைய தசை வளர்ந்துவிடவில்லை. மாறியிருக்கக்கூடியது புறப்பட்ட விதமும் நேரமும் மட்டும்தான். விழுந்த உடனே அதே வித்தைக்குத் திரும்பிய துணிச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் பாதியில் தயங்குபவருக்குத்தான் அடி அதிகம்.

## இறங்கும்போதுதான் பலத்துக்கு உண்மையான வேலை

இதுவரை படித்தவர், அப்படியென்றால் பலம் பெரிய விஷயம் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். எந்த வித்தையும் தரைக்கு வந்துதான் முடிகிறது.

1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடம்பு தரையைத் தொடும்போது நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. முட்டியை விறைப்பாக வைத்து 10 செ.மீ.க்குள் நின்றால், சராசரியாக உடல் எடையைப் போல 11 மடங்கு விசை. 65 கிலோ ஆளுக்கு இது 715 கிலோ பாரம் ஏறியதற்குச் சமம். கணுக்கால், முட்டி, முதுகெலும்பு எல்லாம் அதை வாங்க வேண்டும்.

2. முட்டி, இடுப்பு, முழங்கை மூன்றையும் மடக்கி 40 செ.மீ. தூரத்தில் நின்றால் 3.5 மடங்கு. அதாவது சுமார் 230 கிலோ.

வித்தியாசத்தைப் பாருங்கள். பிஎம்எக்ஸ் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. டயர் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். மிச்ச அதிர்ச்சியை எல்லாம் ஓட்டுபவரின் கைகால்தான் உள்வாங்க வேண்டும். 40 செ.மீ. முழுக்க மடங்கி வாங்க வேண்டும் என்றால், தசை நீண்டுகொடுத்தபடியே எடையைப் போல 3.5 மடங்கைத் தாங்க வேண்டும். முதலில் சொன்ன பட்டியலில் மூன்றாவதாக வந்த தாங்கும் பலம் இதுதான். அது இல்லாதவருக்கு மடங்கும் நுட்பம் தெரிந்திருந்தாலும் பயனில்லை. கால் பாதியில் சரிந்து, முட்டி மோவாயில் இடிக்கும், அல்லது நெஞ்சு ஹேண்டிலில் மோதும்.

இறங்குதளம் சரிவாக இருந்தால் நிலைமை மிகவும் மாறும். சரிவுக்குச் செங்குத்தாக இருக்கும் வேகத்தை மட்டும் உடம்பு வாங்கினால் போதும். மற்றது முன்னால் ஓடும் வேகமாகிவிடும். பார்க்கில் 2 மீட்டருக்கு மேல் பறந்தவர் அலுங்காமல் இறங்குவதும், தெருவில் 1 மீட்டர் சுவரிலிருந்து சமதரைக்குக் குதித்தவர் முகம் சுளிப்பதும் இதனால்தான்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு வித்தையைப் பழக ஒரு மாலையில் நாற்பது தடவை முயன்றால், நாற்பது தடவை இறங்க வேண்டும். இருபத்தைந்துக்குப் பிறகு தொடை தளர்கிறது, மடங்கும் தூரம் குறைகிறது, ஒவ்வொரு இறக்கமும் மூட்டில் விழுகிறது. மோசமான அடிகள் இந்தக் களைப்பில் வருபவைதான். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சொல்லிக்கொண்டு செய்யும் முயற்சி மிகவும் ஆபத்தானது. தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.

## எந்தப் பிரிவில் எவ்வளவு

எல்லாச் சைக்கிள் வித்தைக்கும் ஒரே பதில் கிடையாது.

ட்ரையல்ஸ் பிரிவில் பலத்துக்கு முதலிடம். சீட் இல்லாத அல்லது மிகத் தாழ்ந்த சீட் உள்ள சைக்கிளில், ஏறக்குறைய நின்ற இடத்திலிருந்தே பாறைகளிலும் சுவர்களிலும் தாவி ஏற வேண்டும். ஓடிவந்த வேகம் கைவசம் இல்லாததால் உயரம் முழுக்கத் தசையிலிருந்துதான் வர வேண்டும். பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பின்சக்கரத்திலேயே துள்ளித் துள்ளி நிற்பதால் முன்கையும் சீக்கிரம் களைக்கும். ஆனால் அங்கேயும் சமநிலை இல்லாமல் எதுவும் நடக்காது. ஸ்காட்லாந்தின் டேனி மக்காஸ்கில் 2009-ல் ஒரு காணொளியால் உலகம் முழுக்கத் தெரியவந்தபோது, எடின்பரோவில் சைக்கிள் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது கூர்முனைகள் கொண்ட இரும்பு வேலியின் மேல் அவர் ஓட்டிப்போன காட்சி. வேலி மேல் தாவி ஏறியது கால். அதன் மேல் ஓட்டிப்போனது சமநிலையும் பழக்கமும்.

ஃப்ளாட்லேண்ட் நேர் எதிர். சமதரையில், ஒற்றைச் சக்கரத்தில் சுழன்றபடி ஹேண்டிலையும் ஃபிரேமையும் சுற்றிச் சுற்றி இடம் மாறும் கலை அது. பலத்தைக் காட்டினால் சுழற்சி கெடும். அதில் தேர்ந்தவர்களின் பெரிய செலவு வருடக்கணக்கான பொறுமை.

பார்க் பிரிவும், மண்மேடுகளில் ஏறித் தாவும் டர்ட் ஜம்ப்பும் நடுவில் வரும்: வேகம், நேரம், தாங்கும் கால். அரங்கத்துக்குள் நடக்கும் கலைச் சைக்கிளோட்டத்தில் ஹேண்டில் மேல் தலைகீழாக நிற்கும் நிலைகள் உண்டு. அதற்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருக்குரிய தோள் வேண்டும்.

## சின்ன உடம்பும் கனமான சைக்கிளும்

ஒல்லியான சிறுவர்களும் சிறுமிகளும் வித்தைகளைச் சட்டென்று பிடித்துக்கொள்வது எப்படி? உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதானால், தசையின் குறுக்குவெட்டு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகும். தசையின் பலம் குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஆகவே சின்ன உடம்பு தன் எடைக்கு ஒப்பாகப் பார்த்தால் பலமானது. சுழல்வதும் அதற்கு எளிது.

ஆனால் குழந்தைக்கு ஒரு பாதகம் இருக்கிறது. அது சைக்கிளின் கனம். 65 கிலோ ஆளுக்கு 11 கிலோ சைக்கிள் என்பது தன் எடையில் 17 சதவீதம். 25 கிலோ குழந்தைக்கு அதே சைக்கிள் 44 சதவீதம். அந்தக் குழந்தை சைக்கிளைத் தன் பக்கம் 30 செ.மீ. வாரினால் சைக்கிள் 21 செ.மீ. மேலே வருவதற்குள் உடம்பு 9 செ.மீ. கீழே போய்விடும். பிள்ளைக்குப் பலம் போதவில்லை என்று நினைக்கும் பெற்றோர் முதலில் சைக்கிளைத் தராசில் வைத்துப் பார்க்கட்டும். பிரேக் லீவர் குழந்தையின் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். எட்டாத லீவரை இழுத்துப் பிடித்தே முன்கை சோர்ந்துவிடும். லீவரில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகினால் பெரும்பாலான சைக்கிள்களில் அது கிட்டே வந்துவிடும்.

பெண்களுக்குத் தோள்பலம் குறைவு, அதனால் இது கஷ்டம் என்ற பேச்சும் இந்தக் கணக்கில் அடிபடுகிறது. ஆண் பெண் சராசரி வித்தியாசம் மேலுடம்பில்தான் அதிகம், காலில் அதைவிடக் குறைவு. மேலே பார்த்தபடி தாவுவதும் பம்ப் செய்வதும் தாங்குவதும் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே நடக்கும் வேலைகள்.

## வளர்க்க வேண்டிய பலம்

வித்தைக்காக உடற்பயிற்சி செய்ய நினைப்பவர்கள் வாரம் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். ஸ்குவாட் என்னும் உட்கார்ந்தெழுதல், இடுப்பை மடக்கிக் கனம் தூக்குதல், தண்டால், கம்பியில் தொங்குதல், இவைதான் அடிப்படை. இதில் எல்லோரும் விட்டுவிடும் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: ஒரு படி உயரத்திலிருந்து குதித்து, சத்தமே வராமல் இறங்கிப் பழகுவது. சத்தம் வந்தால் கால் மடங்கவில்லை என்று அர்த்தம். சத்தமின்றி இறங்க வந்த பிறகு உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் இருக்கிற தசையை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் உறுதிப்படும். உடம்பு தெம்பாக உணரத் தொடங்கியதுமே உயரத்தை இரட்டிப்பாக்கினால் தசைநாண்தான் முதலில் வலி கொடுக்கும். உடற்பயிற்சியைச் சைக்கிள் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. புது வித்தை, களைக்காத உடம்பில் கற்க வேண்டிய விஷயம்.

விழுவதையும் பழக வேண்டும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். சைக்கிளைத் தள்ளிவிட்டு, உடம்பைச் சுருட்டி, தோளில் உருள வேண்டும். ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் இல்லாமல் இதில் எதையும் முயல வேண்டாம்.

## பலக் குறையா, நுட்பக் குறையா? கண்டுபிடிக்க நாலு வழி

1. ஓய்வெடுத்த உடம்போடு செய்யும் முதல் ஐந்து முயற்சியிலேயே வித்தை வரவில்லையா? நுட்பம் போதவில்லை. முதலில் வந்து, போகப்போகக் கெடுகிறதா? பலமோ தாக்குப்பிடிக்கும் திறனோ போதவில்லை.

2. சைக்கிள் இல்லாமல், இரண்டு காலையும் சேர்த்து 30 செ.மீ. உயரப் படியில் தாவி ஏற முடிகிறதா? முடிந்தால், நடைபாதை விளிம்பு உயரத்துக்குப் பன்னி ஹாப் செய்யத் தேவையான கால் பலம் ஏற்கெனவே இருக்கிறது.

3. செல்போனைப் பக்கவாட்டில் வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கும்படி படமெடுங்கள். முன்சக்கரம் எழும் கணத்தில் முழங்கை மடங்கியிருந்தால், கை செய்யக்கூடாத வேலையைச் செய்கிறது.

4. அதே காணொளியில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். டயர் தரையைத் தொட்ட பிறகு இடுப்பு நிதானமாகத் தாழ்ந்து, ஓர் இடத்தில் நின்று, மீண்டும் எழுகிறதா? அப்படியானால் இந்த உயரத்துக்குக் கால் தயார். தொட்டதும் பொத்தென்று சரிந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டால், வித்தையை இன்னும் உயரமாகச் செய்வதற்கு முன்னால் அந்தச் சத்தமில்லாத படிக்குதிப்புக்கு ஒரு மாதம் கொடுங்கள்.